பலவீனம் பற்றிய கேள்வி

"உங்க பலம் என்னன்னு கேட்டேன் அக்கா."

ஆனி மேசையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கீழே தையல்கடையில் ஒரு மெஷின் சேலை விளிம்பில் ஓடத் தொடங்கி, ஓடி முடித்து, நின்றும் போனது. அப்போதும் பதில் வரவில்லை.

"அப்படி ஒண்ணும் இல்ல சார்," என்றார் கடைசியில்.

ஜூலியஸ் பேனாவை மூடி வைத்தான். கோபம் வரும்போதெல்லாம் பேனாவை மூடுவது அவன் பழக்கம். திறந்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்பட்டால் சட்டை வீணாகிவிடும் என்று பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில் கற்றுக்கொண்டது.

டன்லப் ஸ்திரீட்டில் தையல்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவனுடைய டியூஷன் நிலையம். வருடத்தில் பாதி நாள் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குப் பொதுத்தாள் என்ற கட்டுரைப் பாடம் சொல்லிக்கொடுப்பான். தேர்வு முடிவு வந்த பிறகு அதே மாணவர்கள் பல்கலைக்கழக நேர்காணலுக்குத் தயாராக மறுபடியும் படியேறி வருவார்கள். மருத்துவம், சட்டம், பல் மருத்துவம். எல்லாருக்கும் ஒரே வித்தைதான். முதலில் ஒரு குணத்தைச் சொல், அதற்கு ஒரு சம்பவம் சொல், அதில் கற்ற பாடத்தைச் சொல்லி முடி. யோசிக்க நேரம் வேண்டுமானால் 'நல்ல கேள்வி' என்று சொல்லிக்கொண்டே யோசி. எக்காரணம் கொண்டும் சும்மா இருக்காதே. இதைச் சொல்லிக்கொடுக்கிறவன், பிள்ளைகள் போன பிறகு விசிறியையும் அணைத்துவிட்டு, மடியில் ஒரு புத்தகத்தோடு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்காகவே அந்த அறையை இன்னும் விடாமல் வைத்திருந்தான் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆனி பிள்ளை அல்ல. அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். செம்பவாங்கில் ஒரு பல் மருத்துவக் கிளினிக்கின் முன்மேசையில் வரவேற்பு வேலை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கான சமூகசேவைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். இரண்டு முறை எழுத்துச் சோதனையில் தேறி, இரண்டு முறையும் நேர்காணலில் விழுந்திருந்தார். இது மூன்றாவது.

"இந்தத் தடவையும் இல்லன்னா நிறுத்திடுறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்," என்று முதல் நாளே சொன்னார். "அவரு கேக்கல. நானாத்தான் சொன்னேன். சொன்னா சொன்னதுதான்."

அவருடைய ஆங்கிலத்தில் குறை இல்லை. தினமும் பல்வலிக்காரர்களைச் சமாளிக்கிற ஆங்கிலம். ஆனால் 'நான்' என்று தொடங்க வேண்டிய இடத்தில் எல்லாம் வாய் பூட்டிக்கொண்டது. தலைமை தாங்கிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்றால், "எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம்." உங்களால் ஒருவருக்கு நடந்த நன்மையைச் சொல்லுங்கள் என்றால், "கடவுள் செஞ்சாரு." இதற்குமேல் நேர்காணல் குழு கடவுளைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"சரி," என்றான் ஜூலியஸ். "யோசிக்கணும்னா 'நல்ல கேள்வி'ன்னு ஆரம்பிங்க. அந்த நேரத்துல எதாவது வரும்."

"நல்ல கேள்வியா இல்லையான்னு கேட்டவங்களுக்குத் தெரியாதா சார்?"

அவன் பேனாவைத் திறந்தான். அடுத்த கேள்விக்குப் போனான்.

"உங்க பலவீனம் என்ன?"

ஆனி நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார். குரல் சற்றுத் தாழ்ந்தது. அதன் பிறகு ஜூலியஸ் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை.

அவருடைய மாமியாருக்கு மறதி நோய் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவருக்குக் காலை ஷிப்ட். கோவிலில் அன்று பைபிள் வாசகம் வாசிக்க வேண்டியவர் ஆனி. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். ஒரு போன் செய்தால் போதும். ஆனால் புது சேலை எடுத்திருந்தார். ஒரு வாரம் வாசித்துப் பழகியிருந்தார். காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்து, இரும்புக் கேட்டை மட்டும் வெளியே பூட்டிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கிழவி கேட்டுக்கு உள்ளே தரையில் சிறுநீரில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார். கம்பியைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. பக்கத்து வீட்டு நஸீஹா கம்பிக்கு ஊடாகக் கையை விட்டு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் குத்துக்காலிட்டு இருந்தாள்.

"நஸீஹா என்னை ஒண்ணும் கேக்கல. எழுந்து அவ வீட்டுக்குள்ள போயிட்டா. நான் அன்னைக்கு நல்லா வாசிச்சேன்னு ஃபாதர் சொன்னாரு. அதையும் கேட்டுட்டு நின்னு பேசிட்டுத்தான் வந்தேன்."

ஜூலியஸுக்கு ஏதோ பழக்கப்பட்ட இடத்தில் இருப்பதுபோல் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்ன என்று புரிந்தது. தாழ்ந்த குரல், கோத்த கைகள், எதையும் மறைக்காமல் எதற்கும் சமாதானம் சொல்லாமல் வரிசையாக வந்த வாக்கியங்கள். கோவிலுக்குப் போவதை அவன் நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தின் ராகம் காதை விட்டுப் போகுமா?

"அக்கா," என்றான். "இதைப் போன தடவை நேர்காணல்ல சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பவும் கேட்டாங்களே சார்."

ஜூலியஸ் எழுந்து ஜன்னலருகே போனான். சமூகசேவை படிக்க வந்தவர், முதியவரைப் பராமரிக்கிற வேலைக்கு நாளைக்குப் போகப் போகிறவர், நோயாளிக் கிழவியைப் பூட்டிவிட்டுப் போனேன் என்று மூன்று பேராசிரியர்கள் முன்னால் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை சொன்னது போதாதென்று மறு வருடமும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"அது சாமியார்கிட்ட சொல்றது," என்றான் திரும்பாமலே. "இவங்க சாமியார் இல்ல. இவங்க மன்னிக்க மாட்டாங்க. மார்க் போடுவாங்க."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"பலவீனம் என்னன்னு கேக்கறாங்க. இது இருக்கும்போது வேற ஒண்ணை எடுத்துச் சொன்னா பொய்யில்லையா?"

அடுத்த சனிக்கிழமை ஜூலியஸ் வர்ஷாவையும் வரச் சொல்லியிருந்தான். மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்த பெண். வாயைத் திறந்தால் நிறுத்துக்குறி தெரியும்படி பேசுவாள். அவளைப் பார்த்தாவது ஆனிக்குப் புரியட்டும் என்று நினைத்தான்.

"வர்ஷா, வாட் இஸ் யுவர் வீக்னஸ்?"

"தட்ஸ் அ குட் குவெஸ்சன்," என்று மலர்ந்தாள் வர்ஷா. எதையும் மிகச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பது, அதனால் பள்ளி நாடகக் குழுவில் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டது, பிறகு மற்றவர்களை நம்பக் கற்றுக்கொண்டது. மூச்சு விடும் இடம்கூடச் சரியாக இருந்தது.

"பார்த்தீங்களா அக்கா?"

"நல்லா பேசுறம்மா," என்றார் ஆனி உண்மையான பாராட்டோடு. "ஆனா இதுல தப்பு எங்க இருக்கு?"

வர்ஷா சிரித்துவிட்டாள். "ஆண்ட்டி, தப்பு இருக்கக் கூடாது லா. உங்க ஸ்ட்ரெங்த் ஒண்ணை எடுத்து அப்படியே திருப்பணும். டீ-ஷர்ட்டை உள்பக்கம் வெளிய போடற மாதிரி."

"உள்பக்கம் வெளிய போட்டா தையல் தெரியுமேம்மா."

"தெரியாத மாதிரி போடணும். அதுக்குத்தான் சார்கிட்ட வர்றோம்."

ஜூலியஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனிக்காக ஒரு பலவீனத்தைத் தயார் செய்து வைத்திருந்தான். வேலையை மற்றவர்களிடம் ஒப்படைக்கத் தயங்குவேன், இப்போது மாறி வருகிறேன். சின்னது, சுத்தமானது, யாரையும் பயமுறுத்தாதது. ஆனி அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நீதிமன்றத்தில் மிரட்டப்பட்ட சாட்சியின் முகம்.

"ஒப்படைக்க யாரு சார் இருக்கா? கவுண்டர்ல நான் ஒருத்திதானே?"

"அது அவங்களுக்குத் தெரியாது அக்கா!"

"எனக்குத் தெரியுமே."

அந்த வாரமே பாசிர் ரிஸ்ஸில் இயேசுதாசன் காலமானார். ஜூலியஸின் அப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர். "நீயாவது போய்த் தலையைக் காட்டிட்டு வா," என்று அம்மா மூன்று தடவை போன் செய்தபின், ஜூலியஸ் வேலை முடிந்த கையோடு கிளம்பினான்.

அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே, திறந்த தளத்தில், வெள்ளைத் துணி கட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சவப்பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவத்தி. மேசைகளில் கச்சாங் கடலைத் தட்டு, பாக்கெட் பானம். மறைந்து நின்று ஒரு மரியாதையைச் செலுத்திவிட்டுப் போய்விடலாம் என்று தூணோரம் ஒதுங்கியவனை ஒரு குரல் பிடித்தது.

"தம்பி, சும்மா நிக்காதீங்க. அந்த மேசையை இந்தப் பக்கம் இழுங்க. சக்கர நாற்காலி வரணும்."

ஆனி. வெள்ளைச் சேலை, இடுப்பில் செருகிய முந்தானை. அவனை யாரென்று தெரிந்தும் 'சார்' என்று கூப்பிடவில்லை. அவன் மேசையை இழுத்தான்.

பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார், கோவிலுக்கு வருகிறவர்களில் யார் இறந்தாலும் ஆனிதான் முதலில் வருவார் என்று. பெட்டிக்காரரிடம் பேசுவது, நகரமன்ற அனுமதி, மண்டாய்ச் சுடலைக்குப் போக பஸ், எல்லாம் அவர் பொறுப்பு. "பல வருசமா. கூப்பிடவே வேண்டாம்."

ஜெபமாலை தொடங்கும் நேரத்தில் ஒரு தகராறு. மூத்த மகன் ஜெபமாலை சொல்லாத வேறு சபைக்குப் போய்விட்டவர். அப்பாவின் பெட்டிக்கு முன்னால் ஜெபமாலை கூடாது என்றார். இளையவர் அதற்கு ஒப்பவில்லை. குரல்கள் உயர்ந்தன. கச்சாங் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் உரிப்பதை நிறுத்தினார்கள். ஆனி போனார். எதுவும் சொல்லாமல் மூத்தவரின் கையில் ஒரு கோப்பியைக் கொடுத்து, ஓரத்து நாற்காலிக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஜூலியஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆனி பேசவே இல்லை. அந்த ஆள் முதலில் முறைத்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு கோப்பியைக் குடித்தார். ரொம்ப நேரம் கழித்து அவர்தான் பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பேசி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஜெபிங்க. நான் இங்கயே இருக்கேன்," என்று தம்பியைப் பார்த்துச் சொன்னது மட்டும் கேட்டது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஜூலியஸ் வழக்கம்போலப் புத்தகத்தை எடுக்கவில்லை. மனதுக்குள் ஆனியின் பதில்களை எழுதிக்கொண்டே போனான். தலைமை, பரிவு, மோதலைத் தீர்ப்பது. ஒரே சம்பவத்தில் எல்லாம் இருந்தது. வர்ஷாவைப் போன்றவர்கள் இப்படி ஒன்று கிடைக்க என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பார்கள்.

சனிக்கிழமை ஆனி உட்காருவதற்குள் அதைச் சொல்லத் தொடங்கினான். ஆனி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்?"

"இயேசுதாசன் அண்ணன் செத்ததை நான் போய் அங்க சொல்லி சீட்டு வாங்கவா?"

"பேர் சொல்ல வேண்டாம். ஊர் சொல்ல வேண்டாம்."

"அதுக்கில்ல." ஆனி கைப்பையை மறு தோளுக்கு மாற்றினார். "மாமியார் போன பிறகுதான் நான் துக்க வீட்டுக்குப் போக ஆரம்பிச்சேன். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர் மூணு அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. அவங்க கையை நான் பார்த்தேன் சார், அவரு பாக்கல. மூணு மந்திரம் எனக்குப் பத்தல. இது பரிகாரம். சாம்பாரைக் கொட்டினவ துடைச்சுட்டு, வீட்டை சுத்தம் பண்ணினேன்னு பீத்திக்கலாமா?"

ஜூலியஸுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த கணமே அவனுக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டான். அந்தச் சிலிர்ப்பையே ஒரு பதிலாக்கப் பார்த்தான்.

"அக்கா, இதுதான்! இதை அப்படியே சொல்லுங்க. முதல்ல அந்த ஞாயித்துக்கிழமை, அப்புறம் இது. ரெண்டையும் சேர்த்தா யாரும் உங்களை வேண்டாம்னு சொல்ல முடியாது. ரெண்டு நிமிஷத்துல முடிக்கலாம். இரும்புக் கேட்டு, கை, நஸீஹா, அதுல இருந்து நேரா துக்க வீட்டுக்கு வந்துருங்க. ஃபாதர் பாராட்டினது வேண்டாம், அது நேரத்தைத் தின்னும்."

"ரெண்டையும் சேர்த்தா மன்னிச்சிருவாங்க."

"ஆமா!"

"அதுக்குத்தான் சேக்க மாட்டேன்."

கீழே மெஷின் ஓடியது. ஜூலியஸ் பேனாவை மூட மறந்துபோனான்.

"அப்போ என்கிட்ட எதுக்கு வந்தீங்க? பலத்தைக் கேட்டா ஒண்ணும் இல்லங்கறீங்க. பலவீனத்தைக் கேட்டா உங்களை நீங்களே தூக்குல போடறீங்க. நல்லதைச் சொல்ல மாட்டீங்க, கெட்டதை மறைக்க மாட்டீங்க. இதுக்குப் பேரு அடக்கம்னு நினைக்கிறீங்களா? இதுவும் ஒரு திமிருதான் அக்கா. உங்க பாவத்துக்கு நீங்களே நீதிபதி. வேற யாரும் அதுல கை வைக்கக் கூடாது, மன்னிக்கக்கூடக் கூடாது."

சொன்ன பிறகுதான் சத்தமாகச் சொன்னது தெரிந்தது. மெஷின் நின்றிருந்தது. கீழே கேட்டிருக்கும்.

ஆனி பேசாமலிருந்தது முதல் நாள் பேசாமலிருந்ததைப் போல் இல்லை. பலம் என்ன என்று கேட்டபோது பதில் இல்லாமல் இருந்தார். இப்போது கேட்டதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜூலியஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதுவும் நேரத்தை நிரப்பத்தான் என்று தோன்றவே நிறுத்திக்கொண்டான்.

"பேசத் தெரியலன்னு நெனச்சுத்தான் வந்தேன்," என்றார் ஆனி. எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அது திமிருன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல," என்றார். கோபமா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதுதான் நேர்காணலுக்கு முந்தைய கடைசி வகுப்பு. ஜூலியஸ் அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து புத்தகம் படிக்கப் பார்த்தான். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. நேர்காணல் அன்று காலை, நல்லா செய்யுங்க என்று ஒரு செய்தி அனுப்பினான். கூப்பிய கைகள் ஒரு ஜோடி பதிலாக வந்தன. அதன்பின் ஒன்றுமில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் போன் வந்தது. வர்ஷா எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னொரு நேர்காணல் பாக்கி.

"சார், கெடைச்சிருச்சு," என்றார் ஆனி.

ஜூலியஸ் எழுந்தே விட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"சீட்டா? அக்கா! பலவீனம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க? பழையதா? சேர்த்துச் சொன்னீங்களா?"

மறுமுனையில் கிளினிக்கின் மணி அடித்தது. யாரையோ உட்காரச் சொன்னார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அறுந்திருக்கவில்லை.

"அது அங்க சொன்னது சார்," என்றார் ஆனி. "அங்கயே இருக்கட்டும்."

"இல்லக்கா, எனக்குத் தெரியணும். நான் சொன்னதாலயா, இல்ல நான் சொன்னதைக் கேக்காததாலயா? அதை மட்டும் சொல்லுங்க."

"நன்றி சொல்லத்தான் போன் பண்ணேன் தம்பி." சிரிப்பது போல இருந்தது. "பல்வலிக்காரர் நிக்கிறாரு. வெச்சுடறேன்."

ஜூலியஸ் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தான். மூன்று பேராசிரியர்களுக்குத் தெரியும். தனக்குத் தெரியாது. அவர்கள் தலையசைத்தார்களா, எழுதிக்கொண்டார்களா, யாராவது ஒருவர் பேனாவை மூடிவைத்தாரா? இத்தனை வருடத்தில் அவன் அறையிலிருந்து போன எல்லாப் பதில்களும் அவன் கையால் தைத்தவை. தைக்காமல் போன ஒன்று எப்படிப் போயிற்று என்று கேட்க இனி ஒரு வழியும் இல்லை.

"அந்த ஆண்ட்டியா சார்?" என்றாள் வர்ஷா. "கெடைச்சிருச்சா? அப்ப அவங்க என்ன டெக்னிக்? எனக்கும் சொல்லுங்க லா. நானும் ஒரு பெரிய தப்பு யோசிச்சு வெச்சிருக்கேன். எங்க பாட்டியை நான் ஒரு நாள்…"

"நிறுத்து."

"ஏன் சார், நல்லா இல்லையா?"

"யோசிச்சு வெச்சிருக்கியா, நடந்துச்சா?"

வர்ஷா விழித்தாள். "ஹாஃப் ஹாஃப்."

ஜூலியஸ் பேனாவை மூடினான். மேசையின் ஓரத்தில் தள்ளிவைத்தான்.

"உன் பலவீனம் என்ன?"

"தட்ஸ் அ குட்…"

அவன் கையை உயர்த்தினான். வர்ஷா நிறுத்தினாள். மழை ஜன்னல் தகரத்தில் கொட்டியது. கீழே மின்சாரம் போய்விட்டது போல, மெஷின் சத்தமே இல்லை. வர்ஷா கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், தன் நகங்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வரப்போவதுபோல் ஒரு கணம் இருந்தது. ஜூலியஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"சார்," என்றாள் கடைசியில், "இப்படிச் சும்மா இருக்கறதுக்கு மார்க் இருக்கா? எவ்ளோ நேரம் இருக்கணும்?"